பக்கத்து மனையில் அடுக்குமாடி எழும்புகிறதா? தெருக்காரர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஒரு நாள் காலையில் தெருமுனைக் காலி மனையைச் சுற்றித் தகர வேலி நிற்கும். இரண்டு நாளில் பொக்லைன் வரும். அன்று இரவே தெருவின் வாட்ஸ்அப் குழு கொதிக்க ஆரம்பிக்கும். பத்து மாடியாம், இருநூறு வீடாம், போர்வெல் எல்லாம் வற்றிவிடுமாம், நாளைக்கு எல்லாரும் போய் லாரியை மறிக்கலாம் என்று.

தென்சென்னையில் எங்கள் தெருவில் இது நடந்தபோது முதல் ஆறு வாரத்தைக் கூச்சலிலேயே தொலைத்தோம். அந்த ஆறு வாரத்தில் அடித்தளக் குழியில் பெரும்பகுதி தோண்டியாகிவிட்டது. அதற்குப் பிறகு தட்டுத் தடுமாறிக் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். இன்னொரு தெருவுக்கு அந்த ஆறு வாரம் மிச்சமாகட்டும்.

நான் எழுதுவது சென்னையையும் புறநகரையும் மனதில் வைத்து. மற்ற ஊர்க்காரர்கள் சிஎம்டிஏ (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) என்று வரும் இடத்தில் நகர் ஊரமைப்பு இயக்ககம் என்று படித்துக்கொள்ளுங்கள். கட்டட விதிகள் மாநிலம் முழுவதற்கும் ஒன்றுதான்: தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019.

எதை எதிர்க்கிறோம் என்று முதலில் பேசி முடியுங்கள்

எங்கள் முதல் கூட்டம் ஒரு வீட்டின் கார் ஷெட்டில் நடந்தது. ஆளுக்கொன்றாகச் சொன்னதை ஒரு நோட்டில் எழுதினேன். பத்தொன்பது குறைகள் வந்தன. தெரு குறுகல், சாக்கடை ஏற்கெனவே பொங்குகிறது, வெளிச்சம் போய்விடும், வேப்பமரத்தை வெட்டிவிடுவார்கள், இரவெல்லாம் சத்தம். இவற்றோடு, "வாடகைக்கு யார் யாரோ வருவாங்க", "பேச்சிலர்ஸ் வந்தா நம்ம பிள்ளைங்களுக்குப் பாதுகாப்பு இல்லை" என்பவையும் இருந்தன.

கடைசி இரண்டையும் அங்கேயே அடித்தேன். ஒருவர் எழுந்து போனார். பரவாயில்லை. இந்த ஊருக்கு வீடு வேண்டும். வேலைக்கு வரும் பிள்ளைகள், கல்யாணமாகித் தனிக்குடித்தனம் போகிறவர்கள், பக்கிங்காம் கால்வாய்க் கரையிலிருந்து அப்புறப்படுத்தப்பட்ட குடும்பங்கள், எல்லாருக்கும் வேண்டும். வருகிறவர்கள் யார் என்பது உங்கள் குறையாக இருந்தால் இந்த வழிகாட்டியில் உங்களுக்கு எதுவும் இல்லை. வாழ்விட மேம்பாட்டு வாரியக் குடியிருப்பு வேண்டாம், பெண்கள் விடுதி வேண்டாம் என்று கையெழுத்து வாங்குகிறவர்களோடு நான் நிற்க மாட்டேன்.

மிச்சமிருக்கும் குறைகளில் எது டேப்பால் அளக்கக்கூடியது, எது ஒரு காகிதத்தோடு ஒப்பிடக்கூடியது என்று பிரியுங்கள். "தெரு தாங்காது" என்று மனு எழுதினால் அது கோப்பில் தூங்கும். "வரைபடத்தில் சாலை அகலம் 9 மீட்டர் என்று இருக்கிறது, நேரில் 6.7 மீட்டர்தான் இருக்கிறது" என்று எழுதினால் அதற்கு யாராவது பதில் சொல்லியாக வேண்டும். எங்கள் பத்தொன்பதில் கடைசியில் நின்றது நான்குதான். அந்த நான்கே போதுமானதாக இருந்தது.

முதல் வாரம்: காகிதம் சேர்ப்பது

தனிப்பட்ட ஒரு கட்டடத்துக்குத் திட்ட அனுமதி தருவதற்கு முன் அக்கம்பக்கத்தாரைக் கூப்பிட்டுக் கேட்கும் வழக்கம் நம் ஊரில் இல்லை. பொக்லைன் வந்து நிற்கும்போதுதான் நமக்கே தெரிகிறது. அதனால் முதல் வாரம் முழுக்கக் காகிதத்துக்குத்தான்.

வேலி மேல் இருக்கும் பலகையைப் படம் எடுங்கள். திட்ட அனுமதி எண், நாள், சர்வே எண், எத்தனை தளம், பொறியாளர் பெயர் எல்லாம் அதில் இருக்க வேண்டும். பலகையே இல்லை என்றால் அதுவே உங்கள் முதல் குறை. 2024 டிசம்பர் 17 அன்று உச்ச நீதிமன்றம் கொடுத்த ஒரு தீர்ப்பில், கட்டுமானம் நடக்கும் காலம் முழுவதும் அங்கீகரிக்கப்பட்ட வரைபடத்தின் நகலைப் பணியிடத்தில் காட்சிக்கு வைக்க வேண்டும் என்று நாடு முழுவதற்கும் சொல்லியிருக்கிறது. அந்த நாளை நினைவில் வையுங்கள். பின்னால் மனுவில் உதவும்.

சர்வே எண் கிடைத்ததும் தமிழக அரசின் நில ஆவண இணையதளத்தில் பட்டா, அ-பதிவேடு, நில அளவை வரைபடம் மூன்றையும் எடுங்கள். அ-பதிவேட்டில் அந்த நிலம் ஒரு காலத்தில் என்னவாக இருந்தது என்று தெரியும். ஓடை, வாய்க்கால், களம், மேய்க்கால் என்று ஏதாவது புறம்போக்குச் சொல் பக்கத்து எண்ணில் இருந்தாலும் அடிக்கோடிடுங்கள்.

மனை 500 சதுர மீட்டரைத் தாண்டினாலோ வீடுகள் எட்டைத் தாண்டினாலோ, விற்பனைக்கு என்றால் அந்தத் திட்டம் ரெராவில், அதாவது கட்டட, மனை விற்பனையை ஒழுங்குபடுத்தும் ஆணையத்தில், பதிவாகியிருக்க வேண்டும். ரெரா தளத்தில் கட்டுமான நிறுவனமே ஏற்றிய அனுமதிக் கடிதமும் வரைபடமும் கிடைக்கும். அலுவலகம் அலுவலகமாக அலைய வேண்டியதை வீட்டிலிருந்தே பத்து நிமிடத்தில் முடிக்கலாம். இது தெரியாமல் நாங்கள் மூன்று முறை போய் வெறுங்கையோடு திரும்பினோம்.

அங்கே கிடைக்காவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டம். 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டிப் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். "ஏன் அனுமதி கொடுத்தீர்கள்?" என்று கேட்காதீர்கள், அதற்குப் பதில் வராது. ஆவணமாகக் கேளுங்கள்: அனுமதிக் கடித நகல், அங்கீகரிக்கப்பட்ட வரைபட நகல், சாலை அகலத்துக்கு ஆதாரமாக இணைத்த ஆவணம், தள ஆய்வு அறிக்கை. பதில் தர 30 நாள். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. அதிலும் நடக்கவில்லை என்றால் 90 நாளுக்குள் தகவல் ஆணையத்துக்கு. காலக்கெடுவைக் காலண்டரில் வட்டம் போட்டு வையுங்கள்.

டேப்போடு ஒரு காலை

வரைபடம் கைக்கு வந்ததும் முதலில் பார்க்க வேண்டியது சாலை அகலம். மற்றதெல்லாம் அதில்தான் தொங்குகிறது. எத்தனை வீடு, எவ்வளவு உயரம், கூடுதல் பரப்பு உண்டா என்பதெல்லாம் மனைக்கு முன்னால் ஓடும் சாலையின் அகலத்தைப் பொறுத்து மாறும். கட்டடத்தின் உயரம் 18.30 மீட்டரைத் தாண்டினால் அது உயர்மாடிக் கட்டடம். அதற்குக் குறைந்தது 12 மீட்டர் சாலையாவது வேண்டும், சுற்றிலும் குறைந்தது 7 மீட்டர் இடைவெளி விட வேண்டும். 30 மீட்டருக்கு மேல் போனால் ஒவ்வொரு 6 மீட்டர் உயரத்துக்கும் இடைவெளி ஒரு மீட்டர் கூடும். அந்த 18.30 மீட்டருக்குள் அடங்குகிற கட்டடங்கள்தான் நம் தெருக்களில் அதிகம். தரையில் கார் நிறுத்தம், மேலே ஐந்து மாடி.

எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற நில அளவையர் ஒருவர் இருக்கிறார். ஒரு ஞாயிறு காலை ஆறு மணிக்கு, கார்கள் எடுக்கப்படும் முன், அவரோடு முப்பது மீட்டர் டேப்பை எடுத்துக்கொண்டு இறங்கினோம். "டேப்பைத் தொங்க விடாதீங்க சார், இழுத்துப் பிடிங்க. தொங்கினா அகலத்தைக் கூட்டிக் காட்டும், அது அவங்களுக்குத்தான் சாதகம்" என்றார். மதில் சுவரிலிருந்து எதிர் மதில் சுவர் வரை பதினோரு இடத்தில் அளந்தோம். மனைக்கு நேர் எதிரே 9.1 மீட்டர். சரியாகத்தான் இருந்தது. ஆனால் பெரிய சாலையிலிருந்து மனைக்கு வரும் வழியில், பிள்ளையார் கோயில் தாண்டிய வளைவில் 6.7 மீட்டர், அதாவது 22 அடி. தீயணைப்பு வண்டி அந்த வளைவைத் தாண்டித்தான் வர வேண்டும். ஒவ்வொரு அளவையும் சாக்பீஸால் சுவரில் எழுதி, டேப்போடு சேர்த்துப் படம் எடுத்தோம். மனைக்கு முன்னால் மட்டும் அளந்துவிட்டுத் திரும்பியிருந்தால் எங்கள் முக்கியமான ஆதாரம் கிடைத்தே இருக்காது.

அடுத்தது எஃப்எஸ்ஐ, தளப்பரப்புக் குறியீடு. சாதாரணக் கட்டடத்துக்கு 2, உயர்மாடிக்கு அதிகபட்சம் 3.25. ஆறு கிரவுண்டு மனை என்றால் 14,400 சதுர அடி. குறியீடு 2 என்றால் எல்லா மாடியும் சேர்த்து 28,800 சதுர அடி கட்டலாம். கட்டணம் செலுத்திக் கூடுதலாக வாங்கும் பிரீமியம் எஃப்எஸ்ஐயும் உண்டு. அதுவும் சாலை அகலத்தைப் பார்த்துத்தான், அதிகபட்சம் 50 சதவீதம் வரை. உங்கள் தெருவில் கட்டடம் "பெரிதாக" இருக்கிறது என்பதாலேயே அது விதிமீறல் ஆகிவிடாது. 2019க்குப் பிறகு சட்டப்படியே முன்பைவிடப் பெரிதாகக் கட்டலாம். இதைக் கூட்டத்தில் முதலிலேயே சொல்லிவிடுங்கள், பின்னால் ஏமாற்றம் குறையும்.

பிறகு பக்க இடைவெளிகள், கார் நிறுத்தும் இடங்களின் எண்ணிக்கை, மழைநீர்ச் சேகரிப்புக் குழிகள். மனை 10,000 சதுர மீட்டரைத் தாண்டினால் 10 சதவீதத்தைத் திறந்தவெளியாக உள்ளாட்சிக்குத் தானமாகக் கொடுத்தே ஆக வேண்டும். 3,000 முதல் 10,000 வரை என்றால் நிலத்துக்குப் பதில் பணம் கட்டலாம். நாளைக்கு உங்கள் பிள்ளைகள் விளையாட வேண்டிய பூங்கா அந்த 10 சதவீதம்தான். எங்கே ஒதுக்கியிருக்கிறார்கள் என்று பாருங்கள். ஒரு மூலையில் மின்மாற்றிக்குப் பின்னால் ஒதுக்கியிருந்தால் கேளுங்கள்.

நிலத்தின் பழைய கதை

சென்னையில் நாம் மாடிகளையே எண்ணிக்கொண்டிருக்கிறோம். நிலம் என்னவாக இருந்தது என்பதுதான் பெரிய ஆபத்து. 2015 டிசம்பரில் எந்தத் தெருவில் எவ்வளவு தண்ணீர் நின்றது என்று அங்கே இருந்தவர்களுக்குத் தெரியும். அந்த உயரத்தைக் காட்டும் பழைய படங்கள் இருந்தால் தேதியோடு சேர்த்து வையுங்கள்.

நிலப் பயன்பாட்டை சிஎம்டிஏ தளத்தில் சர்வே எண் போட்டுப் பார்க்கலாம். இப்போது நடப்பது 2008இல் வந்த இரண்டாம் முழுமைத் திட்டம். அதில் குடியிருப்பு, வணிகம், நிறுவனம், விவசாயம் என்று ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு வகை உண்டு. விவசாயம் அல்லது திறந்தவெளியாக இருக்கும் நிலத்தைக் குடியிருப்பாக மாற்றக் கேட்டால் நாளிதழில் அறிவிப்பு வர வேண்டும், ஆட்சேபம் தெரிவிக்கப் பொதுமக்களுக்கு நாள் தர வேண்டும். சட்டம் நம்மைக் கேட்கும் வெகு சில இடங்களில் இது ஒன்று. அறிவிப்பு உள்பக்கத்தில் பொடி எழுத்தில் வரும். தெருவில் பேப்பர் முழுக்கப் படிக்கும் ஒரு பெரியவரிடம் இந்த வேலையை ஒப்படையுங்கள். எங்கள் பகுதியில் ஒரு மாமா மூன்று வருடமாகக் கத்தரித்து ஃபைலில் வைக்கிறார்.

பள்ளிக்கரணை பக்கம் இருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அந்தச் சதுப்புநிலம் 2022இல் ராம்சார் தலமானது, அதாவது சர்வதேச முக்கியத்துவம் உள்ள ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது, 1,247 ஹெக்டேருக்குச் சற்று மேல். அதன் எல்லையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் புதிய அனுமதி தரக் கூடாது என்று தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு 2025 செப்டம்பரில் உத்தரவிட்டது. பின்னால் வந்த உத்தரவுகளையும் தேடிப் படித்த பிறகே மனுவில் மேற்கோள் காட்டுங்கள். பழைய உத்தரவைக் காட்டினால் மொத்த மனுவின் மதிப்பும் போகும்.

கட்டடப் பரப்பு 20,000 சதுர மீட்டரைத் தாண்டினால் சுற்றுச்சூழல் அனுமதி வேண்டும். கட்டடத் திட்டங்களுக்குப் பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் கிடையாது, அதனால் யாரும் கூப்பிடுவார்கள் என்று காத்திருக்க வேண்டாம். விண்ணப்பமும் ஆவணங்களும் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் கிடக்கும். தண்ணீர் எங்கிருந்து, கழிவுநீர் எங்கே, வெள்ளநீர் எந்த வடிகாலில் என்று அவர்கள் எழுதிக் கொடுத்ததைப் படியுங்கள். உங்கள் தெருவில் இல்லாத வடிகாலை எழுதியிருந்தால் உடனே மாநிலச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு ஆணையத்துக்குப் படத்தோடு எழுதுங்கள்.

குழி தோண்டும் முன் உங்கள் வீட்டைப் படம் எடுங்கள்

எல்லாரும் இதைத் தள்ளிப்போடுவார்கள். தள்ளிப்போடாதீர்கள். மனையை ஒட்டிய வீடுகளில் இருப்பவர்கள் சுவர், தரை, மேல்தளம், காம்பவுண்டு, கிணறு எல்லாவற்றையும் அன்றைய நாளிதழை வைத்துப் படம் எடுங்கள். முடிந்தால் பதிவுபெற்ற பொறியாளர் ஒருவரிடம் ஓர் அறிக்கை வாங்குங்கள். குழி தோண்டி, நிலத்தடி நீரை மோட்டார் போட்டு இறைக்கும்போதுதான் பக்கத்து மண் இறங்கும். விரிசல் வந்த பிறகு, "இது பழைய விரிசல்" என்பதுதான் வரும் முதல் பதில்.

எங்கள் தெருவில் சுவரோடு சுவராக இருந்த வீட்டு மாமி, சமையலறை மேடைக்கு மேல் ஒரு மயிரிழைக் கோட்டைக் காட்டினார். பொறியாளர் அதன் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டு ஒன்றை இரு முனையிலும் பூச்சு வைத்து ஒட்டி, பக்கத்தில் பென்சிலால் தேதி எழுதினார். பதினெட்டாம் நாள் கண்ணாடி உடைந்திருந்தது. விரிசல் நகர்கிறது என்பதற்கு அதைவிட வேறு சாட்சி வேண்டியிருக்கவில்லை. அன்று மாலையே அந்தப் பக்கம் தோண்டுவதை நிறுத்தி, தாங்கு சுவர் எழுப்பிய பிறகுதான் தொடர்ந்தார்கள். மாமி அந்த உடைந்த கண்ணாடியை இன்னும் எடுக்கவில்லை.

பக்கத்து நிலத்தின் மண் தாங்குவது உங்கள் நிலத்தின் உரிமை என்று 1882ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டமே சொல்கிறது. கட்டடத்துக்கான தாங்குதலும், ஜன்னலுக்கு வரும் வெளிச்சமும் 20 ஆண்டு தடையின்றி அனுபவித்திருந்தால் உரிமையாகும். பழைய வீட்டுக்காரர்கள் கட்டிய வருடத்தைக் காட்டும் வரி ரசீதைத் தேடி எடுங்கள்.

இதை வெறும் பயம் என்று யாராவது சொன்னால் மௌலிவாக்கத்தை நினைவுபடுத்துங்கள். 2014 ஜூன் 28 மாலை, கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் இறந்தார்கள். பக்கத்தில் நின்ற இன்னொரு கட்டடத்தை 2016 நவம்பரில் வெடிவைத்துத் தகர்த்தார்கள். இறந்தவர்களில் பெரும்பாலோர் வேலை செய்த தொழிலாளர்கள். உங்கள் தெருக் குழிக்குள் தலையில் துணி கட்டிக்கொண்டு நிற்பவர்களுக்கும் சேர்த்துத்தான் நீங்கள் மண் பரிசோதனை அறிக்கையைக் கேட்கிறீர்கள்.

மனு: எப்படி, யாருக்கு

சின்னக் கட்டடம் என்றால் மாநகராட்சி, பெரியது என்றால் சிஎம்டிஏ. அனுமதி எண்ணைப் பார்த்தாலே யார் கொடுத்தது என்று தெரியும். அனுமதி கொடுத்தவருக்கே எழுதுங்கள். மண்டல அலுவலகம், வார்டு கவுன்சிலர், சட்டமன்ற உறுப்பினர் எல்லாருக்கும் நகல் போதும். முதலமைச்சரிலிருந்து ஆரம்பித்தால் சுற்றிச் சுற்றிக் கடைசியில் அதே மேசைக்குத்தான் வரும்.

ஒரு பக்கத்துக்கு மேல் போகாதீர்கள். நாங்கள் எழுதியதன் சாரம் இது:

"பொருள்: சர்வே எண் … , திட்ட அனுமதி எண் … : அங்கீகரிக்கப்பட்ட வரைபடத்துக்கும் களத்துக்கும் உள்ள வேறுபாடு. மேற்படி வரைபடத்தில் அணுகுசாலையின் அகலம் 9 மீட்டர் எனக் காட்டப்பட்டுள்ளது. நாங்கள் அளந்ததில் கோயில் வளைவில் 6.7 மீட்டர் மட்டுமே உள்ளது (படங்கள் 1 முதல் 4). எனவே தள ஆய்வு செய்து, ஆய்வின்போது எங்களுக்கும் தகவல் தந்து, வேறுபாடு உறுதியானால் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம் 1971, 56 மற்றும் 57ஆம் பிரிவுகளின்படி நடவடிக்கை எடுக்கக் கோருகிறோம்."

57ஆம் பிரிவு நடந்துகொண்டிருக்கும் வேலையை நிறுத்துவதற்கு, 56 அனுமதியின்றிக் கட்டியதை அகற்றுவதற்கு. நேரில் கொடுத்தால் நகலில் முத்திரை வாங்குங்கள். தபாலில் என்றால் ஸ்பீடு போஸ்ட், ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். முத்திரையில்லாத மனு கொடுக்காத மனுதான்.

கையெழுத்துகளைப் பொறுத்தவரை இருநூறு பேரைவிட, ஆதாரத்தோடு கையெழுத்திடும் இருபது பேர் மேல். ஏழு பேர் இருந்தாலே 1975ஆம் ஆண்டுச் சங்கப் பதிவுச் சட்டத்தில் குடியிருப்போர் நலச் சங்கமாகப் பதியலாம். பதிவு செய்துவிடுங்கள். தனி ஆளை மிரட்டுவது சுலபம், விலை பேசுவதும் சுலபம். எங்களில் ஒருவருக்குக் காம்பவுண்டு சுவரைப் புதிதாகக் கட்டித் தருவதாகச் சொன்னார்கள். அவர் வந்து கூட்டத்தில் சொன்னார். அன்றைக்கு எல்லாருக்கும் தெம்பு வந்தது. தனித்தனியாகப் பேச்சுவார்த்தைக்குப் போவதில்லை என்று முதல் கூட்டத்திலேயே தீர்மானமாக எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுவது நல்லது.

வாட்ஸ்அப்பில் வார்த்தையை அளந்து பேசுங்கள். "அனுமதி எண் பலகையில் இல்லை" என்று எழுதலாம். "லஞ்சம் கொடுத்துவிட்டான்" என்று எழுதினால் அவதூறு வழக்கு உங்கள் மேல் வரும். லாரியை மறிக்கவும் வேண்டாம். இரவு 10 முதல் காலை 6 வரை சத்தம் போட்டால் ஒலி மாசு விதிகள் இருக்கின்றன. கைபேசியில் நேரம் தெரிய வீடியோ எடுத்துக் காவல் நிலையத்தில் எழுத்தாகக் கொடுத்து ரசீது வாங்குங்கள். அரசு நிலத்தில் நிற்கும் மரத்தை வெட்ட மாவட்டப் பசுமைக் குழுவின் அனுமதி வேண்டும். கோடரி வருவதற்கு முன்பே மரத்தைப் படம் எடுத்து அந்தக் குழுவுக்கு எழுதுங்கள்.

நீதிமன்றம் போக வேண்டி வந்தால்

உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போட்டால் முதலில் கேட்பது, "அதிகாரிக்கு மனு கொடுத்தீர்களா, எப்போது?" என்பதுதான். முத்திரை வாங்கிய நகல்கள் அங்கேதான் பேசும். பல வழக்குகளில், "இவர்கள் மனுவை இத்தனை வாரத்துக்குள் விசாரித்து முடிவெடுங்கள்" என்ற உத்தரவே வரும். சின்ன உத்தரவு என்று நினைக்காதீர்கள், அதோடு கோப்பு நகர ஆரம்பிக்கும். ஆனால் தாமதம் கூடாது. மூன்று மாடி எழும்பி, வீடு வாங்கியவர்கள் கடன் கட்ட ஆரம்பித்த பிறகு போனால் நீதிமன்றமும் தயங்கும். வாங்கியவர்கள் பாவமும் சேரும்.

சுற்றுச்சூழல் விஷயம் என்றால் சேப்பாக்கம் கலச மஹாலில் இயங்கும் பசுமைத் தீர்ப்பாயம். இழப்பீடு கேட்காத மனுவுக்கு 1,000 ரூபாய்தான் கட்டணம். சுற்றுச்சூழல் அனுமதியை எதிர்த்து மேல்முறையீடு செய்ய 30 நாள், தகுந்த காரணம் இருந்தால் இன்னும் 60 நாள். அதற்கு மேல் ஒரு நாள் தாண்டினாலும் கதவு மூடிவிடும்.

கட்டடத்துக்கு சீல் வைத்துவிட்டார்கள் என்றதும் பட்டாசு வெடிக்காதீர்கள். அதே நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 80-ஏ பிரிவில் உரிமையாளர் அரசிடம் மேல்முறையீடு செய்வார். அந்த விசாரணையில் எங்களையும் கேட்க வேண்டும் என்று அன்றைக்கே அரசுக்கு எழுதுங்கள்.

பேசி முடிப்பதும் ஒரு வழிதான்

பெரும்பாலான தெருக்களில் கட்டடம் வரத்தான் செய்யும். எங்கள் தெருவிலும் வந்தது. திருத்திய வரைபடத்தில் ஒரு மாடி குறைந்தது. மற்றவை மேசையில் உட்கார்ந்து பேசி எழுதி வாங்கியவை: வேலை நேரம் காலை 7 முதல் மாலை 7 வரை, கான்கிரீட் வண்டி பள்ளி விடும் நேரத்தில் வராது, தெருவில் மணல் கொட்ட மாட்டார்கள், உடையும் வடிகால் மூடிகளை அவர்களே மாற்றுவார்கள், ஒட்டிய நான்கு வீடுகளில் வரும் சேதத்தை எங்கள் பொறியாளர் மதிப்பிட்டபடி சரிசெய்வார்கள். முத்திரைத் தாளில், இரு தரப்புக் கையெழுத்தோடு. மனுவில் எங்கள் கை ஓங்கியிருந்ததால்தான் மேசைக்கே வந்தார்கள்.

அதன் பிறகும் ஒரு கட்டம் இருக்கிறது, எல்லாரும் களைத்துப்போய் விட்டுவிடுவது அதைத்தான். சின்ன வீடுகளுக்கு விலக்கு உண்டு. மற்றவற்றுக்குப் பணி முடிப்புச் சான்று இல்லாமல் மின்சாரம், குடிநீர், கழிவுநீர் இணைப்பு கிடைக்காது. அந்தச் சான்றுக்கு விண்ணப்பிக்கும் வாரத்தில் மறுபடி டேப்பை எடுங்கள். பக்க இடைவெளியில் ஜெனரேட்டர் அறை முளைத்திருக்கும், கார் நிறுத்தும் இடத்தில் இரண்டு கடைகளுக்கு ஷட்டர் போட்டிருப்பார்கள், மொட்டை மாடியில் ஒரு வீடு தயாராகியிருக்கும். படம், அளவு, ஒரு பக்க மனு, முத்திரை. நாங்கள் போனபோது ஷட்டர்கள் இரண்டு இருந்தன. மூன்று வாரம் கழித்து அந்த இடத்தில் வெள்ளைக் கோடு போட்டு, கார் எண் எழுதியிருந்தார்கள்.